நாடக வழக்கும் உலக நோக்கும்: எலிசபெத்தியர் அரங்கும் தென்பாண்டி இசைநாடக மேடையும்

1. தோற்றுவாய்

அரங்கில் நிகழ்வன யாவும் உள்ளபடியே நிகழ்வன அல்ல என்பதை ஆடுவோரும் அறிவர், காண்போரும் அறிவர். அறிந்திருந்தும் இருசாராரும் அவற்றை மெய்யென ஏற்று ஒழுகுகின்றனர். இவ்வுடன்பாடே நாடகத்திற்கு அடிப்படையாகும். தொல்காப்பியர் நாடக வழக்கு எனவும் உலகியல் வழக்கு எனவும் இரண்டைப் பிரித்துக் கூறி, புலனெறி வழக்கு இவ்விரண்டானும் அமைவது என்றார். அகப்பொருட் பாடலைக் குறித்து அவர் சொன்ன இக்கருத்து, மேடை நாடகத்தை ஆராய்வார்க்கும் நல்லதோர் அளவுகோலாகும்.

ஒரு நாட்டு மக்கள் எவ்வெவற்றை நாடக வழக்காக ஏற்றுக்கொண்டனர் என்று காண்பது, அவர்கள் உலகத்தை எவ்வாறு நோக்கினர் என்று காண்பதாகவே முடியும். இக்கருத்தை வைத்து, இங்கிலாந்தில் எலிசபெத்து அரசியார் காலத்தில் (1558–1603) தழைத்த அரங்கையும், சங்கரதாசு சுவாமிகள் வகுத்த நெறியில் மதுரை, விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் வளர்ந்த இசைநாடக மேடையையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேக்சுபியரைத் தமிழ் மரபின் வழியே நோக்கும் முயற்சி புதியதன்று. விபுலாநந்த அடிகள் தம் மதங்க சூளாமணியில் (1926) மெய்ப்பாட்டியலை அடிப்படையாகக் கொண்டு அவர்தம் நாடகங்களை ஆராய்ந்தார். அந்நூலை வெளியிட்டது மதுரைத் தமிழ்ச் சங்கமே. பம்மல் சம்பந்த முதலியார் அமலாதித்தன், மகபதி, வாணிபுர வணிகன் முதலிய தழுவல்களைத் தந்தார். இவ்விருவரும் நாடக நூலை நோக்கினர். ஈண்டு நாம் நோக்குவது மேடை மரபை.

2. எலிசபெத்தியர் அரங்கின் அமைதி

இலண்டனில் சேம்சு பர்பேசு என்பார் 1576இல் எழுப்பிய ‘தியேட்டர்’ என்னும் அரங்கம், நாடகத்திற்கெனவே கட்டப்பெற்ற பொதுவரங்குகளுள் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று. ‘உரோசு’ அரங்கம் 1587இலும், ‘குளோபு’ அரங்கம் 1599இலும் தேம்சு ஆற்றின் தென்கரையில் எழுந்தன. வட்டம் போன்ற பலகோண வடிவம். நடுவே கூரையற்ற முற்றம். முற்றத்துள் நீண்டு நிற்கும் மேடை. அதனை மூன்றுபுறமும் சூழ்ந்து நிற்கும் மக்கள். ஒரு பென்னி கொடுத்தவர் முற்றத்தில் நின்று காண்பர்; மேலும் கொடுத்தவர் மாடங்களில் அமர்வர். ஆட்டம் பிற்பகல் வெயிலில் நிகழ்ந்தது. இரவுக் காட்சியாயின் ஒரு நடிகன் தீப்பந்தத்துடன் வருவான், அவ்வளவே. பகலொளியில் நின்ற மக்கள் அதனை இரவென்று கொண்டனர்.

காட்சிச் சீலைகள் இல்லை. காடும் கடலும் போர்க்களமும் சொல்லால் மட்டுமே எழுந்தன. பெண்பாத்திரங்களைப் பதின்பருவச் சிறுவர்களே ஏற்றனர். பொதுவரங்கில் தொழில்முறையாகப் பெண்டிர் நடிக்கத் தொடங்கியது 1660ஆம் ஆண்டிற்குப் பின்னரே. அவலச் சுவை மிக்க இடத்தும் கோமாளி புகுந்து நகை விளைத்தான்.

‘சுவான்’ அரங்கத்தை 1596 அளவில் கண்ட தெ விற்று என்னும் ஒல்லாந்தரின் வரைபடம் ஒன்று படியெடுத்த வடிவில் கிடைத்துள்ளது. அதில் மேடையின் பின்சுவரில் இரண்டு வாயில்கள் உள்ளன. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கிற்கு வாயில்கள் இரண்டே கூறப்படுகின்றன. அவ்வரங்கின் மேனிலையில் பூதங்களின் உருவம் எழுதி வைக்கப்பட்டது. எலிசபெத்தியர் மேடையின் மேற்கூரைக்கு ‘வானகம்’ என்பதே பெயர். மேடைப் பலகையின் கீழிருந்து பேயும் ஆவியும் எழுவதற்கு ஒரு பொறிக்கதவு இருந்தது. அவ்விடம் நரகமாகக் கருதப்பட்டது. மேலே வானம், கீழே நரகம், இடையே மாந்தன்: அரங்கமே உலகத்தின் சிற்றுருவாக நின்றது.

3. அதன் பின்னின்ற உலக நோக்கு

இறைவன் முதலாகக் கல் ஈறாக அனைத்துப் பொருளும் ஒரு சங்கிலியின் கரணைகள்போல் படிமுறையில் அமைந்துள்ளன என்பதும், அப்படிமுறை குலைந்தால் வானும் மண்ணும் கலங்கும் என்பதும் அக்காலத்தார் கொள்கை என்பர். 1943இல் தில்லியார்டு என்னும் அறிஞர் இதனை விரித்து எழுதினார். அரசன் கொலையுண்ட இரவில் புயல் வீசுவதும், குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தின்பதும் இக்கொள்கையின் வெளிப்பாடே. செங்கோல் கோடினால் மழை வளம் குன்றும் என்று கருதிய தமிழர்க்கு இது விளங்காத ஒன்றன்று.

எனினும் பின்வந்த ஆய்வாளர், குறிப்பாக 1980க்குப் பின் எழுதியோர், இப்படிமுறையை அக்காலத்தார் அனைவரும் ஐயமின்றி ஏற்றனர் என்பதை மறுத்தனர். ஆட்சியாளர் அதனை வலியுறுத்தியதே அது ஆட்டங்கண்டதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். இம்மறுப்பு பொருத்தமுடையதே. ஆயின் நாடக வழக்கை ஆராய்வார்க்கு இதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு.

இடைக்காலத்தில் யார்க்கு, செசுட்டர், கவண்டிரி முதலிய நகரங்களில் தொழிற்குழுவினர் தெருவில் விவிலிய நாடகங்களை நடத்தினர். அவற்றில் இறைவனே ஒரு பாத்திரமாகத் தோன்றிப் பேசினார். சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் இவை ஒடுக்கப்பட்டன. வேக்பீல்டு நகர நாடகத்தில் பிதாவாகிய இறைவனையோ பிறரையோ உருவகப்படுத்திக் காட்டலாகாது என்று யார்க்குத் திருச்சபை ஆணையத்தார் தடைவிதித்தது 1576இல். கவண்டிரி நாடகங்கள் 1579இல் நின்றன. ‘தியேட்டர்’ அரங்கம் எழுந்த ஆண்டும் 1576 என்பது கருதத்தக்கது. பின்னர் 1606இல் மேடையில் இறைவன் பெயரை வீணே கூறுவதும் சட்டத்தால் தண்டத்திற்குரியதாயிற்று.

எனவே எலிசபெத்தியர் மேடையின் மேல் வானகம் இருந்தது. ஆனால் அவ்வானகத்திலிருந்து கிறித்துவ இறைவன் இறங்கிவந்து பேசுதற்கு இடமில்லை. அவ்வெறுமையின் கீழ் மாந்தன் தனித்து நின்றான். தன் நெஞ்சொடு தானே பேசினான். தனிமொழி என்னும் வழக்கு அதற்கு முன்னரும் இருந்ததே. எனினும் அது அவ்வரங்கில் பெற்ற ஆழத்திற்கு இவ்வெறுமையும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

4. இசைநாடக மேடையின் அமைதி

தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் நிறுவினார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி முதலிய நாடகங்கள் அவர் கொடை.

பாலசபை என்பது சிறுவர் குழு. ஆண்பாத்திரம், பெண்பாத்திரம் இரண்டையும் சிறுவரே ஏற்றனர். இலண்டனிலும் பவுல் பேராலயச் சிறுவர் குழுவும் அரசவைத் தேவாலயச் சிறுவர் குழுவும் இருந்தமை ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் இலண்டன் பொதுவரங்கிற் போலன்றித் தமிழ்மேடை பெண்டிரையும் ஏற்றது. பாலாமணி அம்மையார் பெண்டிரே நிறைந்த குழுவை நடத்தினார், பின்னாளில் கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆண்வேடமும் புனைந்தார்.

பார்சி நாடகக் குழுக்களின் வழியே ஆங்கில மேடையின் திரைச்சீலைகளும் எழுதிய காட்சிகளும் தமிழ்மேடைக்கு வந்தன. அவை எலிசபெத்தியர் காலத்தன அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டினவாகும். ஆகவே இருமேடைக்கும் உள்ள ஒற்றுமை கடன்பெற்றதனால் விளைந்தது என்று கூறுதற்கில்லை. புறக்கோலம் கடன், அகவழக்கு நம்முடையது.

அவ்வகவழக்கினை நன்கு காட்டுவது ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் முறை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரக் கோயில் விழாக்களில் இம்முறை பெரிதும் போற்றப்பட்டது. நடிகர் ஒரு குழுவினர் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பெறுவர். ஒத்திகை இன்றி, பலர் மேடையிலேயே ஒருவரையொருவர் சந்திப்பர். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடியற்காலை வரை பிழையின்றி நடந்தேறும். அஃது எவ்வாறு இயலும்? வழக்கு ஒன்றே விடை. முதலில் பபூன் வருவான்; அடுத்து ஆட்டக்காரியுடன் நகைக்காட்சி; பின் கதை தொடங்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் புகும் முறை, தம்மை அறிவித்துப் பாடும் முறை, ஆர்மோனியக்காரருடன் உரையாடும் முறை ஆகிய அனைத்தும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. அவ்வரையறையை அறிந்த நடிகன் எவ்வூர் மேடையிலும் எவருடனும் ஆடவல்லவனாவான்.

‘பார்ட்’ என்னும் சொல் ஆங்கில மேடைவழி வந்தது. எலிசபெத்தியர் காலத்தில் நடிகனுக்கு முழு நாடகப் படியும் தரப்படுவதில்லை. அவனுடைய பேச்சும், அதற்கு முன் பிறர் கூறும் இறுதிச் சொற்கள் சிலவும் மட்டும் எழுதிய தாட்சுருளே தரப்பட்டது. அப்பகுதிக்குப் ‘பார்ட்’ என்று பெயர். எட்வர்டு ஆலின் என்னும் பெருநடிகர் பயன்படுத்திய அத்தகைய சுருள் ஒன்று தல்லிச்சுக் கல்லூரியில் இன்றும் உள்ளது. நாள்தோறும் வேறு வேறு நாடகம் ஆடிய அவர்களுக்கும் ஒத்திகைக்குப் பொழுது குறைவே. பார்ட் என்பது ஆங்குத் தாளில் எழுதிய சுருள். ஈங்கு நெஞ்சில் எழுதிய சுருள்.

5. தனிமொழியும் தருக்கமும்

இனி இருமேடைக்கும் உள்ள வேற்றுமையைக் காண்போம். வள்ளி திருமணத்தில் காண்போர் காத்திருப்பது எதற்கு? கதை முடிவு அனைவர்க்கும் தெரியும். அவர்கள் காத்திருப்பது தினைப்புனத்தில் நிகழும் தருக்கத்திற்கே. முதலில் நாரதர் வந்து வள்ளியொடு சொல்லாடுவார். பின்னர் வேடனாக வந்த முருகன் அவளொடு வாதிடுவான். இறைவன் வினவ, குறமகள் மடக்குவாள். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் தொடரும். எவர் வெல்வர் என்பது அன்றிரவு மேடையேறிய இருவர்தம் புலமையைப் பொறுத்தது.

எலிசபெத்தியர் மேடையின் உச்சநிலை தனிமொழியில். இசைநாடக மேடையின் உச்சநிலை தருக்கத்தில். ஆங்கும் வாதங்கள் உண்டு. ஈங்கும் தனித்துப் புலம்பும் பாடல்கள் உண்டு. ஆயின் சிறந்த நடிகனின் திறத்தை மக்கள் எதில் அளந்தனர் என்பதே ஈண்டு வினா. ஆங்கு இறைவன் பேசா நிலையில் மாந்தன் தன்னொடு பேசினான். ஈங்கு இறைவனே மாந்த வேடத்தில் பரண் அருகே வந்து நிற்கிறான், அவனொடு வழக்காடலாம், அவனைத் தோற்கடிக்கவும் செய்யலாம். தனிமொழி இறைவன் எட்டாத் தொலைவில் நின்ற உலகின் வடிவம். தருக்கம் இறைவன் கூப்பிடு தொலைவில் நின்ற உலகின் வடிவம்.

வேடத்திற்கும் மெய்க்கும் இடையே உள்ள எல்லை இரு மேடையிலும் மெல்லியதாகவே இருந்தது. மார்லோவின் பாசுடசு நாடகத்தில் பேய்கள் வெடிவாணங்களுடன் புகுந்தன. ஒருகால் மேடையில் உண்மைப் பேயே தோன்றியதாக 1633இல் வில்லியம் பிரின் எழுதினார். சங்கரதாசு சுவாமிகள் எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்தபோது கண்டோர் பெரிதும் அஞ்சித் துன்புற்றனர் என்றும், அதனால் அவர் நடிப்பை விடுத்து ஆசிரியரானார் என்றும் நாடக உலகில் வழங்கும். செய்தி மெய்யோ அன்றோ, அதனை நம்பிய மக்களின் மனநிலை மெய்.

6. நல்லதங்காளும் அவல முடிவும்

உலக நோக்கின் வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது அவல நாடகத்தின் முடிவில். அதற்கு விருதுநகர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வத்திராயிருப்புக்கு அண்மையில் உள்ள அர்ச்சுனாபுரம் நல்லதங்காளின் பிறந்தகம் எனப் போற்றப்படுகிறது. அங்கு அவளுக்குக் கோயில் உண்டு. மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு, பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தால் நலிந்து, ஏழு மக்களொடு தமையன் நல்லதம்பியின் இல்லம் நாடி வந்தவள். அண்ணி மூளியலங்காரியின் கொடுமையால் மனமுடைந்து மக்களைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தவள். கதைப்பாடலாகப் பரவிய இது மேடையிலும் பல்லாண்டு ஆடப்பட்டது. வானம் பொய்த்த கரிசல் நிலத்தார்க்குப் பஞ்சம் என்பது நாடக வழக்கன்று, உலகியல் வழக்கு. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்கு ஏதுவான வறட்சியே நல்லதங்காளின் வறட்சியும்.

இதனொடு ஒப்பிடத்தக்க ஆங்கில நாடகம் ஒன்று உண்டு. எலிசபெத்து அரசியார்க்குப் பின் முதலாம் சேம்சு காலத்தில், 1608இல் அச்சான ‘யார்க்குசயர் அவலம்’ என்பது அது. 1605இல் ஒருவன் தன் இரு மக்களைக் கொன்ற உண்மை நிகழ்ச்சியை அடியொற்றியது. செல்வம் இழந்த தந்தை, மக்கள் இரந்து திரிய நேருமே என்னும் வெறியில் அவர்களைக் கொல்கிறான். வறுமை, குடிப்பிறப்பின் மானம், மக்கட்கொலை என்னும் மூன்றும் இரு கதைக்கும் பொது. ஆயின் ஆங்கில நாடகத்தில் அக்கொலை பேயின் தூண்டுதலால் விளைந்த பாவம். கொன்றவன் மனங்கசிந்து தண்டனைக்குச் செல்கிறான். மாண்டோர் மாண்டோரே. எஞ்சியிருப்போர் ஒழுங்கை மீட்பர்.

தமிழ்க் கதையில் நல்லதங்காள் தெய்வமாகிறாள். ஊரார் அவளைத் தண்டிப்பதில்லை, வணங்குகின்றனர். அவ்வாறு வணங்குவது அவள் செயலை நன்றென்று ஏற்பதன்று. அவளை அந்நிலைக்குத் தள்ளிய சுற்றத்தாரும் ஊராரும் தம் கடனைத் தவறியதற்கு ஆண்டுதோறும் செலுத்தும் கழுவாய் என்று கொள்ளுதல் தகும். எலிசபெத்தியர் அவலத்தில் குலைந்த ஒழுங்கை அரசன் மீட்கிறான். நம் மேடையின் அவலத்தில் குலைந்த நீதியை மாண்டவளே தெய்வமாய் நின்று கேட்கிறாள். கோவலன் நாடகத்தில் கண்ணகி செய்வதும் இதுவே. அரிசுடாட்டிலின் இலக்கணத்தை வைத்து, தமிழ் அவலம் முழுமை பெறவில்லை எனக் கூறுவோர் இவ்வேற்றுமையைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

7. அரசும் அரங்கும்

வழக்கு என்பது கட்டுப்பாடு மட்டுமன்று. அது காப்பும் ஆகும். எலிசபெத்து அரசியார் 1559இல், சமயத்தையும் ஆட்சியையும் பற்றிய பொருள்கள் நாடகங்களில் இடம்பெறலாகாது என ஆணையிட்டார். 1572ஆம் ஆண்டுச் சட்டம் பெருமக்களின் ஆதரவு பெறாத நடிகரை நாடோடிகளொடு சேர்த்தெண்ணியது. ஆகவே நாடகாசிரியர் பழங்கால அரசர் கதையைத் திரையாகக் கொண்டனர். 1601 பெப்ருவரி 7ஆம் நாள், எசெக்சு பெருமகனின் ஆதரவாளர் குளோபு அரங்கில் இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தை நடத்துவித்தனர். அரசன் முடிதுறக்கும் கதை அது. மறுநாள் எசெக்சு கிளர்ந்தெழுந்து தோற்றான், அம்மாதமே தலையிழந்தான். நடிகர் விசாரிக்கப்பட்டனர், ஆயினும் தண்டிக்கப்படவில்லை. பழங்கதையை ஆடினோம் என்னும் வழக்கே அவர்களைக் காத்தது எனலாம். அரசன் முடிதுறக்கும் காட்சி 1597ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை; 1608இல்தான் அச்சில் வந்தது.

இந்தியாவில் ஆங்கில அரசு 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் நிழலில் எழுந்தவர் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாசு. பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்த இவர் வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துப் புகழ்பெற்றவர். தினைப்புனத்தில் பறவையோட்டுதல் அந்நாடகத்தின் பழைய வழக்கு. அவ்வழக்கினுள் வெள்ளைக் கொக்கை ஓட்டும் பாட்டு ஒன்று புகுந்தது. கொக்கு எது, புனம் எது என்று காண்போர்க்கு எவரும் உரைவிளக்கம் தர வேண்டியிருந்ததில்லை. மதுரகவி பாசுகரதாசு (1892–1952) முதலியோர் மேடைக்கெனத் தேசியப் பாடல்கள் இயற்றித் தந்தனர். விசுவநாததாசு பன்முறை சிறை சென்றார். இலண்டன் நடிகர்க்குக் காப்பாக நின்ற வழக்கு இவர்க்குக் காப்பாக நிற்கவில்லை. ஆயின் இவர் சொல்லியதை மக்கள் உடனே விளங்கிக்கொள்ள அவ்வழக்கே வாயிலாயிற்று.

இன்னொன்றும் கருதற்பாலது. எலிசபெத்து அரசியார் எவ்வெவர் எவ்வெவ்வாடை அணியலாம் என 1574இல் ஆணை பிறப்பித்தார். ஆயின் மேடையில் தாழ்ந்த நிலையினனாகிய நடிகன் அரசனின் ஆடையை அணிந்து நின்றான். மேடையைப் பழித்த தூய்மைக் கோட்பாட்டினர் இதனையும் ஒரு குற்றமாகக் கூறினர். விசுவநாததாசு மருத்துவர் குலத்தினர். அக்காரணத்தால் அவரொடு நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். முருகனாகத் தோன்றியவனை மக்கள் வணங்கினர். அம்முருகனை ஏற்ற மாந்தனைத் தொட அஞ்சினர். கூப்பிடு தொலைவில் இறைவன் நிற்கும் உலகில் மாந்தர் மாந்தர்க்குத் தொலைவாயினர். இவ்வுலக நோக்கின் பெருமையைக் கூறுவார் இக்குறையையும் கூறுதல் கடன். 1940 திசம்பர் 31ஆம் நாள் சென்னை இராயல் அரங்கில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். வேடமும் மெய்யும் ஒன்றான இறுதி அது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, இரு மேடையின் வழக்குகளும் பெரும்பாலும் ஒத்தன. அவ்வொப்புமை கடனால் வந்ததன்று. எளிய மேடை, பலதரப்பட்ட மக்கள், ஒத்திகைக்கு இடமின்மை என்னும் ஒத்த சூழலால் வந்தது. இரண்டு, வழக்குகளுள் எதற்குத் தலைமை தரப்பட்டது என்பதில் இரண்டும் வேறுபட்டன. இறைவன் பேசாத மேடை தனிமொழியை வளர்த்தது. இறைவன் வழக்காடும் மேடை தருக்கத்தை வளர்த்தது. மூன்று, அடக்குமுறைக் காலத்தில் பழைய வழக்கே புதிய கருத்தைச் சொல்லும் வாயிலாயிற்று.

சேக்சுபியரின் மேடையில் திரையில்லை, இரவில்லை, பெண்ணில்லை என்பதனை எவரும் குறையாகக் கருதுவதில்லை. அவற்றை வழக்கெனக் கொண்டு வகுப்பறைகளில் பாடம் சொல்கிறோம். அதே நோக்கு பங்குனித் திங்கள் இரவில் விருதுநகர்ப் பக்கத்துக் கோயில் பந்தலில் பாடும் ராஜபார்ட்டுக்கும் உரியது. ஆலின் கையாண்ட சுருளை அவர்கள் பேணிக் காத்தனர். நம் நடிகர் நெஞ்சில் எழுதிய சுருள்கள் அவர்தம் வாழ்நாளொடு அழிந்து வருகின்றன. முதிய நடிகர் உள்ளபோதே தினைப்புனத் தருக்கங்களைக் கேட்டு எழுதி, ஊர்தோறும் உள்ள வேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பித்தல் தமிழாய்வாளர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.